கொசுறு

கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு ஷாஃப்ட் கடைவது தொழில். கடையும்போது அளவு கொஞ்சம் கூடி நின்றால் இன்னொரு கட்டு ஓட்டிச் சரிசெய்துவிடலாம். குறைந்துவிட்டால் ஸ்கிராப் தொட்டிதான். பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்களுக்கு முதல் நாள் நான் சொல்வது இதைத்தான்: கடைசி அளவுக்கு ஒரேயடியாகப் போகாதே, கொஞ்சம் விட்டுவை. இருபது வருஷமாக இதைச் சொல்லிச் சோறு தின்கிறவன், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் 400 கிராமில் மாட்டிக்கொண்டேன்.

மாட்டியதுகூடப் பெரிய விஷயமில்லை. பந்தயத்தில் வாராவாரம் யாராவது மாட்டுகிறார்கள். மாட்டிய உடனே என் வாயிலிருந்து என்ன வந்தது, அதற்கப்புறம் என் கை எதைச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டில் இதில் பாதிதான் தெரியும்.

மகனுக்கு அப்போது 13 வயது. கார்ட் ஓட்டினான். அவனுக்கு அந்த ஆசை எப்படி வந்தது என்று கேட்கிறவர்களிடம் "சின்ன வயசுலேர்ந்தே ஸ்பீடுன்னா அவனுக்கு உசுரு" என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மையில் ஆசை என்னுடையது. எங்கள் ஊரில் அது காற்றிலேயே கிடக்கிறது. மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டிய கரிவரதன் கோயம்புத்தூர்க்காரர். 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா 1 ஓட்டப் போனபோது, பிஸ்டனுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்கூட டீக்கடையில் அதையே பேசினார்கள். அந்த வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில் டயர் தகராறில் பெரிய அணிகள் பலவும் ஒதுங்கிக்கொள்ள, ஆறே ஆறு கார் ஓடியது. நரேன் நான்காவதாக வந்தார். ஆறில் நாலா என்று சிரித்தவர்கள் உண்டு. நான் சிரிக்கவில்லை. முறைப்படி ஓடி முடித்தவனுக்குத்தானே பாயின்ட் என்று சண்டை போட்டேன். முறைப்படி!

கார்ட் என்றால் மாலில் டிக்கெட் வாங்கி ஓட்டுகிற பொம்மை வண்டி என்று நினைக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் தப்பின் ருசி புரியாது. பந்தயக் கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பர் கிடையாது, டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்சிலில் இறுகப் பூட்டியவை. நேராக ஓடத்தான் அது லாயக்கு. வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு ஒரு நூல் எழும்பினால்தான் வண்டி திரும்பும். அந்த ஒரு நூலை சேஸிஸ் குழாயின் முறுக்கமும் இருக்கையில் இருக்கிற பிள்ளையின் உடம்பும் சேர்ந்து கொடுக்கின்றன. ஆகவே ஓட்டுகிறவனும் ஒரு உதிரிப்பாகம். இருக்கை விலாவில் குத்திக் குத்திக் கன்றிப்போகும். அதற்கென்று ஒரு கவசம் கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள்.

எஞ்சின் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆஸ்திரியாவிலிருந்து வருகிற ரோட்டாக்ஸ், 125 சிசி, டூ ஸ்ட்ரோக். சீல் வைத்துத் தருவார்கள். சீலை உடைத்தால் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். காசுள்ளவன் எஞ்சினைக் குடைந்து ஜெயித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என்னைப் போலக் கை துறுதுறுக்கிற பட்டறைக்காரனுக்கு, அந்தச் சின்ன சீல் கண்ணெதிரே தொங்குவது பலகாரக் கடை வாசலில் சர்க்கரை வியாதிக்காரனை நிறுத்தியது மாதிரி. எஞ்சினைத் தொட முடியாத கை, தொட முடிந்ததையெல்லாம் நோண்டும். டயர் காற்று, பின்பக்கப் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, இருக்கையின் உயரம், கடைசியில் எடை.

எடைக்கு விதி இருக்கிறது. ஒல்லிப் பிள்ளையோடு ஓடுகிற குண்டுப் பிள்ளைக்கு அநியாயம் ஆகிவிடக் கூடாது என்று, வண்டி, ஓட்டுகிறவன், ஹெல்மெட், ஷூ எல்லாம் சேர்ந்து எங்கள் பிரிவில் 145 கிலோவுக்குக் குறையக் கூடாது. பந்தயத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தாலும் சரி, முடிந்து வந்து எடைமேடையில் ஏறும்போது 145 இருக்க வேண்டும். என் மகன் ஒல்லி. அவனையும் வண்டியையும் சேர்த்தால் 131 தேறும். மிச்சத்துக்கு ஈயத் தகடு. பட்டறையில் நானே உருக்கி வார்த்துத் துளைபோட்டுக் கொடுத்தவை. இருக்கையின் அடியிலும் முதுகிலும் போல்ட் போட்டு முடுக்குவோம்.

சீசனில் ஐந்து ரவுண்டு. பெங்களூரில் சில, இருங்காட்டுக்கோட்டையில் சில. வியாழக்கிழமை ராத்திரி வீட்டைவிட்டுக் கிளம்பினால் அவிநாசி வருவதற்குள் பையன் தூங்கிவிடுவான். வெள்ளி பயிற்சி, சனி தகுதிச் சுற்று, ஞாயிறு பந்தயம், ராத்திரியே கிளம்பித் திங்கள் காலை பள்ளிக்கூடம். அந்த வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் நான் எழுதிக் கொடுத்த லீவு லெட்டரில் அவனுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தாத்தாவுக்குத் திவசம். தாத்தாவுக்கு அந்த ஒரு வருஷத்தில் இரண்டு திவசம் கொடுத்தோம். செலவு பத்து லட்சத்தைத் தாண்டியது. வீட்டில் சொன்ன கணக்கு ஆறு. இப்படிச் சில்லறைப் பொய்யில் கை பழகிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அவன் ஓடிவிட்டுக் கூடாரத்துக்குள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் ஸ்டீயரிங்கில் இருக்கிற சின்னப் பெட்டியை எட்டிப் பார்த்திருப்பேன். சுற்றுக்கு எத்தனை வினாடி, எந்தச் சுற்றில் எவ்வளவு விட்டான் எல்லாம் அதில் இருக்கும். "ஏழாவது சுத்துல என்ன ஆச்சு?" என்பதுதான் அவன் காதில் விழும் முதல் வார்த்தை. அவன் முகத்தை நான் எப்போது பார்த்தேன் என்று இப்போது யோசித்தால் ஞாபகம் வரவில்லை. வேர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடி, உள்ளங்கையில் கொப்புளம் உடைந்த இடத்தில் அவன் ஊதிக்கொள்வது, இதையெல்லாம் பார்த்தவன் மெக்கானிக்.

போத்தனூர்ப் பையன், 24 வயது. நாங்கள் காசு கட்டிச் சேர்ந்திருந்த அணி அவனை எங்கள் வண்டிக்கு ஒதுக்கியிருந்தது. மகன் அவனை அண்ணா என்பான், அவன் இவனைத் தம்பி என்பான். பந்தயத்துக்கு முன்னால் பிள்ளை பயந்திருந்தால் வண்டியைத் துடைக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சினிமாக் கதை பேசுவான். அவனிடம் ஒரு பழக்கம். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் டயரில் எவ்வளவு காற்று, பல்சக்கரத்தில் எத்தனை பல், முடிவில் எடை எவ்வளவு வரும் என்று மாஸ்கிங் டேப்பில் நீல மார்க்கரால் எழுதி, டிராலிக் கைப்பிடியில் ஒட்டிவிடுவான். அவன் கணக்கில் எடை எப்போதும் 146இலிருந்து 147க்குள் வந்து நிற்கும்.

"எதுக்குத் தம்பி ஒண்ணரைக் கிலோவைச் சும்மா சுமக்கோணும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொசுறுங்க சார். தம்பிக்கு வேர்க்கும், பெட்ரோல் எரியும், டயர் தேயும். அப்பறம் தராசுகிட்டப் போய்க் கெஞ்ச முடியாதுங்களே."

கீரைக்காரம்மாவிடம் கட்டுக் கீரைக்குமேல் நாலு கொத்தமல்லி வாங்காமல் நகராதவன் நான். அந்தக் கொசுறு எனக்கு உறுத்தியது. ராத்திரி லாட்ஜில் படுத்துக்கொண்டு மனக்கணக்குப் போட்டேன். ஒரு கிலோவுக்கு ஒரு சுற்றில் நூறில் இரண்டு பங்கு வினாடி என்று வைத்தால், ஒண்ணரைக் கிலோவுக்கு மூன்று பங்கு. 15 சுற்றுக்குக் கிட்டத்தட்ட அரை வினாடி. அரை வினாடி என்றால் ஒரு இடம். போன ரவுண்டில் என் மகன் நான்காவது இடத்தை அதைவிடக் குறைவான வித்தியாசத்தில் விட்டிருந்தான்.

மூன்றாவது ரவுண்டு, ஞாயிறு மதியம். ஃபைனலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மெக்கானிக் பெட்ரோலில் ஆயில் கலக்கப் போயிருந்தான். டிராலியில் டேப் ஒட்டியிருந்தது: முடிவில் 146.7. ஒண்ணரையைக் கழித்தால் 145.2. இருநூறு கிராம் மிச்சம் இருக்கிறதே, போதாதா? வண்டிக்கடியில் குனிந்து பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டேன். இரண்டு போல்ட். ஒன்று லேசாக வந்தது, மற்றது முனகியது. தகட்டைப் பனியன் வேஸ்ட்டில் சுற்றி என் டூல் பைக்கு அடியில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேண்டாம் என்பான், அவன் சொல்வதுதான் சரி என்று எனக்கே தோன்றிவிடும், அதனால் சொல்லவில்லை.

கூடாரத்துக்குப் பின்னால் மகன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். "அப்பா, எளநி ஒண்ணு குடிச்சுக்கட்டுங்களா?" என்றான்.

"முடிஞ்சதும் வாங்கித் தர்றேன் சாமி. இப்பக் குடிச்சா வயித்துல குலுங்கும்."

அவன் காலடியில் தயிர்சாத டப்பா மூடி திறக்காமல் இருந்தது. பயத்தில் அவன் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. மெக்கானிக் காலையில் டிபன் முடித்த பிள்ளையை எடை போட்டு, அதில் வேர்வைக்குக் கொஞ்சம் கழித்து எழுதிய கணக்கு அது. சாப்பிடாத மதியத்தை யாரும் கழிக்கவில்லை. டப்பாவை நான் பார்த்தேன். பார்த்தது மண்டைக்குள் போகவில்லை.

பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவன் வாழ்க்கையிலேயே நன்றாக ஓட்டிய 15 சுற்று அது. ஆறாவதில் தொடங்கி மூன்றாவதில் முடித்தான். முதல் முறையாக மேடை ஏறப்போகிறான். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தில் பக்கத்திலிருந்தவர் தள்ளி நின்றுகொண்டார்.

பந்தயம் முடிந்ததும் வண்டிகள் நேராக எடைமேடைக்குத்தான் வர வேண்டும். யாரும் கிட்டே போகக் கூடாது, எதையும் கையில் கொடுக்கக் கூடாது, ஒரு வாய் தண்ணீர்கூட. மகன் ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்து, கட்டைவிரலை வாய்ப்பக்கம் காட்டினான். எளநி. நான் தலையாட்டினேன். அவன் முறை வந்தது. வண்டியை மேடையில் உருட்டி ஏற்றினார்கள், அவன் உட்கார்ந்தான். சிவப்பு எழுத்து மேலும் கீழும் ஆடி 144.6இல் நின்றது.

அதிகாரி பொறுமையான மனிதர். இறக்கச் சொல்லி மறுபடி ஏற்றச் சொன்னார். 144.6. மேடையில் எதுவும் தட்டவில்லையே என்று குனிந்து பார்த்துவிட்டு மூன்றாம் முறையும் ஏற்றினார். எழுத்து அசையவில்லை. தாளில் எழுதினார். எடை குறைந்தால் அந்தப் பந்தயம் இல்லை, அவ்வளவுதான். மூன்றாவது இடம் பின்னால் வந்தவனுக்குப் போய்விடும். குறைந்தது 400 கிராம். ஒரு எளநித் தண்ணீர் அவ்வளவு இருக்கும்.

மெக்கானிக் குனிந்து இருக்கைக்கு அடியில் பார்த்தான். அங்கே தகடு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அவன் நிமிர்ந்து முதலில் வண்டியைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்ற பயத்தில் நான் முந்திக்கொண்டேன்.

"ஏந்தம்பி, வெயிட்டை ஒழுங்காப் பாத்து மாட்டறதில்லையா? புள்ளையோட உழைப்பெல்லாம் போச்சே!"

சத்தமாகத்தான் சொன்னேன். அதிகாரிக்கும், பக்கத்துக் கூடாரத்துக்காரர்களுக்கும், என் மகனுக்கும் கேட்கிற மாதிரி. யோசித்துச் சொன்னதில்லை, தானாக வந்தது என்று நெடுநாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக வருகிற வாக்கியத்தில் "புள்ளையோட உழைப்பு" என்று பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொள்ள எப்படித் தெரிந்தது?

"மாட்டுனனுங்க சார்," என்றான் அவன். ஒரே ஒரு தடவை. மறுபடி சொல்லவில்லை.

எல்லோரும் எடைமேடைக்குப் பக்கத்தில் நிற்கும்போது நான் கூடாரத்துக்கு நடந்தேன். டிராலிக் கைப்பிடியில் அந்த டேப் இருந்தது. 146.7. அவன் வேலையை ஒழுங்காகச் செய்தான் என்பதற்கு அந்தத் திடலில் இருந்த ஒரே சாட்சி. நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். வெயிலில் பசை இளகி, விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. உருண்டையாகச் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டேன். மேடைக்கு முன்னால் சொன்னதாவது வாய் தவறியது என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு சால்ஜாப்பும் கிடையாது.

ராத்திரி திரும்பி வரும்போது ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினேன். பையன் பாதி தின்றான். அங்கே மாட்டியிருந்த டிவியில் பந்தய முடிவு வரவா போகிறது, ஆனாலும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டியில் ஏறிக் கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா மறக்க மாட்டாருங்கப்பா," என்றான்.

"மனுசந்தானே கண்ணு. மறக்கறதுதான். விடு."

மன்னித்துவிட்ட தொனியில் சொன்னேன். அவன் செய்யாத தப்பை நான் பெருந்தன்மையாக மன்னித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாளின் தாள் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. முடிவுத் தாளின் நகல். நான்காவதாக வந்தவன் என் மகனுக்கு ஒண்ணரை வினாடி பின்னால் இருந்தான். நான் கழற்றிய தகடு தந்திருக்கக்கூடியது அதிகபட்சம் அரை வினாடி. தகட்டைச் சுமந்துகொண்டு ஓடியிருந்தாலும் மூன்றாவதுதான். இந்தக் கணக்கைப் போட எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. தெரிந்தே தள்ளிப்போட்டேன்.

திங்கட்கிழமை அணியை நடத்துகிறவர் போன் செய்தார். பெற்றோர்களுக்கு அவர் பயப்படுவார். நாங்கள் கட்டுகிற காசில் ஓடுகிற அணி. "அந்தப் பையனை என்னங்க பண்ணலாம்?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மிச்சம் எல்லாம் சரியாகியிருக்கும். லேத் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே வந்து நின்றுகொண்டு, "நீங்க பாத்து எது சரியோ அதைச் செய்யுங்க," என்றேன். இதைவிடச் சுத்தமாக ஒருவனை வேலையைவிட்டு அனுப்ப முடியாது.

அடுத்த ரவுண்டுக்கு வேறு மெக்கானிக் வந்தார். வயதானவர், திறமைசாலி, பேச மாட்டார். மகன் ஒரு புது வேலையைத் தானாக எடுத்துக்கொண்டான். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஸ்பேனரோடு வண்டிக்கடியில் குனிந்து, ஈயத் தகடுகளை உதடு அசைய எண்ணி, ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்ப்பான். "கொண்டா, அப்பா பாத்துக்கறேன்" என்று கை நீட்டினேன். ஸ்பேனரைத் தரவில்லை. முறைக்கவும் இல்லை, கேட்காதது மாதிரி இருந்துவிட்டான். பெங்களூரில் கடைசி ரவுண்டில் டிராலிக் கைப்பிடியில் மாஸ்கிங் டேப் ஒன்று ஒட்டியிருந்தது. நீல மார்க்கர், அவன் கையெழுத்து. அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

சீசன் முடிவில் எட்டாவது. அடுத்த வருஷம் அவன் ஓட்டவில்லை. பத்தாம் வகுப்பு வருகிறதே என்று ஊருக்குச் சொன்னோம். அவன் என்னிடம் சொன்னது, "போதுங்கப்பா" மட்டும்தான். அந்த ஒண்ணரைக் கிலோ பட்டறையில்தான் கிடக்கிறது. டிராயிங் தாள் ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கப் பையன்கள் அதைத் தூக்கி மேலே வைக்கிறார்கள்.

மெக்கானிக் இப்போது சுந்தராபுரம் பக்கம் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறான். அது தெரிந்த நாளிலிருந்து மூன்று தடவை போயிருக்கிறேன். போகும்போது சொல்ல வேண்டியதையெல்லாம் சிங்காநல்லூர் தாண்டுவதற்குள் மனப்பாடம் பண்ணிவிடுவேன். அங்கே போய் ஸ்டாண்டு போட்டதும், "ஆயில் மாத்தோணும் தம்பி" என்றுதான் வாய் வரும்.

போன வாரம் மூன்றாவது தடவை. அவன் ஸ்கூட்டரின் ஆயில் மூடியைத் திருகி எடுத்து, குச்சியைப் பனியன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினான்.

"தேன் மாதிரி இருக்குதுங்க சார். மாத்தி ஒரு மாசங்கூட ஆகலைங்களே."

"பரவால்ல தம்பி. மாத்திரு."

கொஞ்ச நேரம் குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். பிறகு கீழே டிரேயை நகர்த்தி வைத்து, குனிந்தபடியே கேட்டான்.

"தம்பி எப்படிங்க இருக்குது? கொஞ்சம் வெயிட் போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்கான்," என்றேன்.

நல்ல ஆயில் டிரேயில் நூலாக இறங்கி முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்து, "மீதியை வெச்சுக்க தம்பி" என்றேன். கல்லாவுக்குப் போய்ச் சில்லறை மாற்றி வந்து, பத்து ரூபாய்க் காசு வரைக்கும் எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான்.